சாப்பாட்டு மேசையும் ஐயாயிரம் டாலரும்

ரெண்டு வாரமாக ஆணி ஜாஸ்தி. எழுத உட்காரவே முடியவில்லை. ஆனால் இதை எழுதித் தீர்க்காவிட்டால் எனக்கு அஜீரணம் வந்துவிடும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும். முன்னாடியே சொல்லிவிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது.

வருடா வருடம் மார்ச் 8ஆம் தேதி காலையில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெண்களை வாழ்த்தி ஏதாவது வந்து விழும். பெரும்பாலும் ரோஜாப்பூ, கும்பிடு போடும் கை, கல்பனா சாவ்லா படம். இந்தத் தடவை ஜேனட் ரௌலி. "நாலு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டு வேலைகளுக்கு நடுவே, சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வைத்து, ரத்தப் புற்றுநோயின் ரகசியத்தைக் கண்டுபிடித்த அதிசயப் பெண்மணி!" என்று நாலு ஆச்சரியக்குறியோடு. அனுப்பியவர் பெரியப்பா. திருநெல்வேலிப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்குத் தனியாகவும் ஒரு வரி: "உன் லைன்தானம்மா? மனமிருந்தால் மார்க்கமுண்டு."

பெரியப்பா தங்கமான மனுஷர். என்னை எம்.எஸ்ஸி. படிக்கவைக்கச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதையின் மேல்தான் கோபம். அந்தக் கதை பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. நாலு பிள்ளைகள் நிஜம், மேசை நிஜம், கத்தரிக்கோல் நிஜம். பிள்ளைகள் "அம்மா காகிதப் பொம்மை வச்சு விளையாடுறா" என்று கேலி செய்ததும் நிஜம். ஆனால் இதையெல்லாம் சொல்லிவிட்டு முக்கியமான ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். விட்டுப்போன அந்த ஒன்று இருந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மும்பையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் குரோமோசோம் பார்ப்பவள். கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. மாட்டுங்காவில் காய்கறி வாங்கும்போது மட்டும் தமிழ்நாட்டில் இருப்பதாக நினைப்பு வரும். மற்றபடி லோக்கல் ரயில், லேப், வீடு. எலும்பு மஜ்ஜை மாதிரி, பச்சை மூடி போட்ட குழாயில் வரும். அதை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு, ஒரு நாளோ ரெண்டு நாளோ செல்களை வளரவிட்டு, அவை பிரியப்போகிற நேரம் பார்த்து மருந்து போட்டு நிறுத்தி, உப்புக் கரைசலில் ஊதவைத்து, ஸ்லைடில் சொட்டவேண்டும். லேப் முழுக்க வினிகர் மாதிரி அசிட்டிக் அமில வாடை அடிக்கும். அப்புறம் சாயம் ஏற்றினால் குரோமோசோம்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தெரியும். 20 செல்களை எண்ண வேண்டும். ஒவ்வொன்றிலும் 46. எது எங்கே உடைந்திருக்கிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது கூடுதல், எது குறைவு. இதுதான் என் பிழைப்பு. ரௌலி கத்தரிக்கோலால் செய்ததை நான் மவுஸால் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய்ச்சவடால் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அம்மா கண்டுபிடித்தது என்ன?

1960ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்று ரெண்டு பேர் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில், வழக்கத்தைவிடக் குட்டையாக ஒரு குரோமோசோம் தெரிகிறது என்று. ஊர்ப் பெயரையே வைத்து பிலடெல்பியா குரோமோசோம் என்றார்கள். புற்றுநோயோடு விடாமல் சேர்ந்து வரும் குரோமோசோம் கோளாறு ஒன்றை உலகம் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். சரி, குட்டையான அந்தத் துண்டு எங்கே போயிற்று? தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய சந்தேகம், குரோமோசோம் கோளாறு புற்றுநோய்க்குக் காரணமா, இல்லை புற்றுநோய் வந்தபிறகு ஏற்படும் கந்தர்கோளமா என்பது. ரெண்டாவதுதான் என்றே பெரும்பாலானவர்கள் நம்பினார்கள்.

1970 வாக்கில் ஸ்வீடனில் காஸ்பர்சன் குழுவினர், குரோமோசோமில் ஒளிரும் பட்டைகள் தெரியும்படி சாயம் ஏற்றக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் 9 எது, 8 எது, 10 எது என்று அடையாளம் சொல்வதே பெரும்பாடு. ரௌலி அந்த வித்தையை இங்கிலாந்தில் கற்றுக்கொண்டு சிகாகோ திரும்பினார். 1972ல் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, ஒரு வகைத் தீவிர லுக்கேமியாவில் 8க்கும் 21க்கும் நடுவே துண்டுகள் இடம் மாறியிருப்பது தெரிந்தது. அப்புறம் நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா. 22 குட்டையாக இருக்கும் அதே செல்லில் 9 கொஞ்சம் நீளமாக இருந்தது! துண்டு தொலையவே இல்லை. அடுத்த வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. 1973 ஜூனில் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. 1977ல் இன்னொரு வகையில் 15க்கும் 17க்கும் நடுவே இதே கூத்து. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு ஜோடி என்றால் இது கந்தர்கோளமாக இருக்க முடியாது, காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள்.

1972, 1973 கண்டுபிடிப்புகள் நடந்தபோது அந்த அம்மா வேலை பார்த்தது பகுதி நேரமாக. கடைசிப் பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை முழு நேர வேலைக்கே போகவில்லை. நல்லா கவனிச்சுக்கோங்க. லுக்கேமியா மரபியலின் திசையையே மாற்றிய கண்டுபிடிப்பு, வாரத்தில் சில நாள் மட்டும் வேலைக்கு வந்த ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது.

இங்கேதான் பெரியப்பா கட்சி "பாத்தியா, மனசிருந்தா..." என்று ஆரம்பிக்கிறது. பொறுங்க சாமி. அந்தப் பகுதி நேர வேலை எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றுகிறேன்.

ரௌலி பிறந்தது 1925ல். பதினைந்து வயதிலேயே உதவித்தொகையோடு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1944ல், பத்தொன்பது வயதில், மருத்துவப் படிப்புக்குத் தேர்வானார். ஆனால் 65 பேர் வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான் என்று கோட்டா. அந்த மூணும் நிரம்பிவிட்டதால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வைத்தார்கள். 1948ல் பட்டம். மறுநாளே கல்யாணம். கணவரும் டாக்டர், நோயியல் நிபுணர். அப்புறம் குழந்தைகள். வாரத்தில் சில நாள் மட்டும் கிளினிக் வேலை. அதில் ஒன்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கானது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று 1959ல் பாரிஸிலிருந்து செய்தி வந்தபோது, தான் தினமும் பார்க்கிற குழந்தைகளாயிற்றே என்று அவருக்குள் ஆர்வம் பிறந்தது.

1961ல் கணவருக்கு ஆக்ஸ்போர்டில் ஒரு வருடம் வேலை. இந்த அம்மா சும்மா கூடப் போகவில்லை. அமெரிக்க அரசின் பயிற்சி உதவித்தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அங்கே குரோமோசோம் வேலை கற்றுக்கொண்டார். 1962ல் திரும்பி வந்தபோது வயது 37. கையில் முடியாத ஒரு சின்ன ஆராய்ச்சி. நேராக லியோன் ஜேக்கப்சன் என்கிற ரத்தவியல் மருத்துவரிடம் போனார். அணுசக்தி ஆணையத்தின் பணத்தில், அதாவது அரசாங்கப் பணத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தலைவர் அவர். ரௌலி கேட்டது ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இருட்டறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கிற அளவுக்காவது ஒரு சம்பளம். வாரத்தில் மூணு நாள்தான் வருவேன் என்றும் சொன்னார். ஜேக்கப்சன் சரி என்றார். வருடத்துக்கு 5,000 டாலர்.

அந்த ஐயாயிரம்தான் வாட்ஸப்பில் வராத சமாச்சாரம்.

1962லிருந்து 1972 வரை பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் உலகத்தைப் புரட்டிப்போடும்படி எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. லுக்கேமியா நோயாளிகளின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில கட்டுரைகள் எழுதினார். பட்டைச் சாயம் வராத காலம், பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. ஆனால் மைக்ராஸ்கோப்பை யாரும் பிடுங்கவில்லை. சம்பளம் நிற்கவில்லை. 1970ல் மறுபடி ஒரு வருடம் ஆக்ஸ்போர்டு போய்ப் புது வித்தை கற்றுக்கொண்டு வந்தபோதும் இடம் அப்படியே இருந்தது. பட்டைச் சாயம் என்கிற கதவு திறந்தபோது, பத்து வருடம் குரோமோசோமையே பார்த்துப் பழகிய ஒரு ஜோடிக் கண் அங்கே தயாராக இருந்தது. சாயம் மற்ற லேப்களுக்கும்தான் கிடைத்தது. பத்து வருடப் பழக்கம் கடையில் கிடைக்காதே.

மேசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஒளிரும் சாயம் சீக்கிரம் மங்கிவிடும். இருட்டறையில் உட்கார்ந்து, மங்குவதற்குள் படம் பிடித்து, பிரிண்ட் போட்டால்தான் கத்தரிக்கவே ஏதாவது இருக்கும். நோயாளியிடமிருந்து மாதிரி வரவேண்டும், அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். செல் வளர்க்க வேண்டும், அதற்கு லேப் வேண்டும். சமையல் முழுக்க லேப்பில் நடந்தது. மேசையில் நடந்தது பரிமாறல். நம் ஆட்களுக்கு மேசைதான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் மேசை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதற்கு யாரும் பட்ஜெட் ஒதுக்க வேண்டியதில்லை. "அவ டைனிங் டேபிள்ல பண்ணலையா?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது, ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அரசாங்கத்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் ஒரு பொறுப்பும் மிச்சமில்லை. சமாளிக்க வேண்டியது அவள் பாடு. சமாளிக்க முடியாவிட்டால் மனசு இல்லை என்று அர்த்தம்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் ஊர் என்றால் இந்தியா.

சிஎஸ்ஐஆர் ஆய்வுக் கூடங்களில் விஞ்ஞானி வேலைக்கு வரும் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 32. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஓபிசிக்கும் தளர்வு உண்டு, இருக்கவும் வேண்டும். ரௌலி ஜேக்கப்சன் அறைக்குள் நுழைந்தபோது வயது 37. அவருடைய விண்ணப்பத்தை இங்கே ஆன்லைனில் போட்டால் பிறந்த தேதியைத் தட்டியதுமே கதவு சாத்திவிடும். மேலே எழுதிய எதையும் யாரும் படிக்கப்போவதில்லை.

32 என்பது என்ன வயது? எம்.எஸ்ஸி. முடிக்க 22, 23. பிஎச்.டி. முடிக்க 28, 29. அதற்குமேல் ரெண்டு மூணு வருடம் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ ஆய்வு அனுபவம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 32 வந்துவிட்டது. நம் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணமும் குழந்தையும் வருவதும் மிகச் சரியாக இந்த நாலைந்து வருடத்தில்தான். உடம்பின் கணக்கும் அதுதான், மாமியாரின் கணக்கும் அதுதான். இந்த விதியை எழுதினவர் பெண்களை விரட்ட வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார். பெண்ணைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

இந்திய அறிவியலில் பெண்கள் என்றதும் நாம் பெருமையாகச் சொல்கிற பெயர்களைப் பாருங்கள். ஜானகி அம்மாள், எங்கள் குரோமோசோம் குலத்தின் பாட்டி. கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர், பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணையை 1945ல் டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வானிலை விஞ்ஞானி அன்னா மணி, அவரும் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வாழ்க்கை, அவர்கள் விருப்பம், அதில் நமக்கு என்ன வேலை. கொல்கத்தாவின் அசீமா சட்டர்ஜி மாதிரி குடும்பத்தோடு சாதித்தவர்களும் உண்டு. ஆனாலும் ஐன்ஸ்டீன், ராமன் என்று ஆண்கள் பட்டியலைப் போடும்போது "இவர் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்ற கேள்வியே யாருக்கும் வருவதில்லை பாருங்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில், இடையில் வேலையை விட்ட பெண்களுக்காகவே பெண் விஞ்ஞானிகள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நிஜமாகவே நல்ல காரியம். எனக்குத் தெரிந்த மூணு பேர் அதில் திரும்பி வந்தார்கள். ஆனால் அது மூணு வருட ப்ராஜெக்ட். நாலாவது வருடம்? லேப்பில் இடம் கொடுத்த பேராசிரியர் கையைப் பிசைவார். "மேடம், வேற ஏதாவது ஸ்கீம் வந்தா சொல்றேன்." மூணு பேரில் ஒருத்தி இப்போது பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறாள். ரௌலிக்கு மூணு வருட ப்ராஜெக்ட் கொடுத்திருந்தால் 1965ல் முடிந்திருக்கும். முடிவு அறிக்கையில் "குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் இல்லை" என்று எழுதி, கோப்பைக் கட்டி, பரணில் போட்டிருப்பார்கள்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உள்குத்து" என்று பின்னூட்டம் வரும். மகள் பிறந்து, அதே நேரத்தில் மாமியார் படுக்கையில் விழுந்து, எனக்கு அஞ்சு வருடம் இடைவெளி. திரும்பி வந்து ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) லுக்கேமியா ப்ராஜெக்ட் ஒன்றுக்கு நேர்முகம் போனேன். வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு ஸ்லைடு காட்டினார்கள், அதையும் சரியாகப் படித்தேன். கடைசியில், "வாரத்தில் நாலு நாள் வரலாமா, சம்பளத்தையும் அதற்கேற்ப குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். தலைவராக உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "சயின்ஸ் இஸ் நாட் எ பார்ட் டைம் ஜாப், மேடம்." சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும், தனியார் லேப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை இன்றைக்கும் உறுத்துவது ஒன்றுதான். அந்த ப்ராஜெக்ட் 9க்கும் 22க்கும் நடுவே நடக்கும் இடமாற்றத்தைப் பற்றியது. பகுதி நேரமாக வேலை பார்த்த ஒருத்தர் கண்டுபிடித்த விஷயத்தில் முழு நேர ஆராய்ச்சி செய்துகொண்டு, அறிவியல் பகுதி நேர வேலை இல்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

இதைச் சொன்னால் வருகிற எதிர்வாதங்கள் எனக்கு மனப்பாடம்.

"அது அந்தக் காலம். இப்ப போட்டி அதிகம், அஞ்சு நாள் லேட்டானா சீனாக்காரன் பேப்பர் போட்டுடுவான்." போடட்டுமே. பிலடெல்பியா குரோமோசோமை 1960லிருந்து உலகத்தில் எத்தனையோ முழு நேர ஆட்கள் தினம் தினம் பார்த்தார்கள். நீளமான 9 அதே ஸ்லைடில்தான் இருந்தது. வேகமாக ஓடுகிறவன் ஜெயிக்கிற வேலைகள் அறிவியலில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நின்று பார்க்கிறவன் ஜெயிக்கிற வேலைகளும் உண்டு. ரெண்டுக்கும் ஒரே விளம்பரம், ஒரே வயது வரம்பு என்பதுதான் தப்பு.

"எல்லாரும் ரௌலி ஆகிவிட முடியுமா? மக்கள் வரிப்பணம் இல்லையா?" ஆக முடியாதுதான். முழு நேரமாக வேலை பார்க்கிற ஆண்கள் எல்லோரும் நோபல் வாங்கிவிட்டார்களா என்ன? அவர்களிடம் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெறும்வரை சம்பளமும் நிற்பதில்லை. நான் கேட்பது பாதி நாளுக்குப் பாதிச் சம்பளம், வரிப்பணத்துக்கு நஷ்டமே கிடையாது. இன்னொன்று, ஒரு பெண்ணை பிஎச்.டி. வரை படிக்கவைக்க ஆன செலவும் அதே வரிப்பணம்தான். 32 வயதில் அவளை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

"அவளுக்கு வசதி இருந்தது." இதுதான் உருப்படியான வாதம், ஏனென்றால் இது உண்மை. கணவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர் வெளிநாடு போனதால்தான் இவரும் ரெண்டு தடவை ஆக்ஸ்போர்டு போக முடிந்தது. வெள்ளைக்காரி, படித்த வீடு, பிள்ளைகளைப் பார்க்க ஆள். அந்த அம்மாவே பேட்டிகளில் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார். இதே வசதி இல்லாத எத்தனை பெண்கள் அதே சிகாகோவில் காணாமல் போனார்களோ. சரி, ஒருத்திக்கு அதிர்ஷ்டமாகக் கிடைத்ததை நாலு பேருக்கு விதியாகக் கொடுங்கள் என்றுதானே கேட்கிறேன்? 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் என்று கொண்டுவந்தார்களே, அப்போதும் "நடக்காது" என்றுதான் சொன்னார்கள்.

இதில் என்ன பெரிசா நஷ்டம் வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களை ஒருநாள் பரேலில் டாடா நினைவு ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள நடைபாதைப் பக்கம் கூட்டிப்போக ஆசை. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, தங்க இடமில்லாமல் அங்கேயே படுத்திருக்கும் நோயாளிக் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்களில் நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா வந்தவர் ஒருத்தர் இருந்தால், இன்றைக்கு அவருக்கு வாயில் போடுகிற மாத்திரை உண்டு. 9லிருந்து கிளம்பிய துண்டில் ஏபிஎல் என்ற மரபணு இருப்பதையும், அது 22ல் பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, செல்லைப் பெருகு பெருகு என்று ஓயாமல் விரட்டும் ஒரு புரதத்தைச் செய்வதையும் 1980களில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிற இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தின் பெரிய சோதனையில் அஞ்சு வருடம் கழித்து 89 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அஞ்சு வருடம் என்பதே பெரிய விஷயம்.

(விலைக் கதை தனிப் பதிவுக்கு உரியது. மாதம் 1,20,000 ரூபாய் சொன்ன மருந்தை நம் ஊர்க் கம்பெனிகள் 8,000 ரூபாய்க்குக் கொடுத்தன. கிளிவெக் காப்புரிமை விண்ணப்பத்தை 2006ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நம் சென்னை ஆபீஸ் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது இது.)

15க்கும் 17க்கும் இடம் மாறும் அந்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கசிந்து நாட்கணக்கில் ஆளைக் கொண்டுபோகிற வியாதி. இன்றைக்கு லுக்கேமியாக்களிலேயே குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ளவற்றில் ஒன்று. நம் வேலூர் சிஎம்சி டாக்டர்கள் ஆர்சனிக் மருந்தை மட்டும் கொடுத்து 72 பேருக்குச் சிகிச்சை செய்த விவரம் 2006ல் 'பிளட்' என்ற பத்திரிகையில் வந்தது. பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். எந்த நோயாளிக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்று அந்த 15ஐயும் 17ஐயும் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அதனால்தான் அப்படிச் சந்தேகப்பட்டு ஒரு மாதிரி வந்தால் எங்கள் லேப்பில் சாப்பாட்டு நேரம் கிடையாது.

நாள்பட்ட வகை என்று சந்தேகப்பட்டு வருகிற மாதிரியில் 9, 22 இடமாற்றம் தெரிந்தால் எங்கள் லேப்பில் ஒரு சின்ன சந்தோஷம் பரவும். வெளியாட்களுக்கு விசித்திரமாக இருக்கும், புற்றுநோய் உறுதியானதற்கு சந்தோஷமா என்று. ஆமாம். மாத்திரை இருக்கிற புற்றுநோய் அது. (தீவிர லிம்ஃபாய்ட் வகையில் இதே 9, 22 வந்தால் கதையே வேறு, அங்கே எங்கள் முகம் தொங்கிவிடும்.) போன வாரம்கூட ஒரு ஆட்டோ டிரைவர், வயது 34. எனக்கு அவர் யாரென்று தெரியாது, குழாயின் மேல் ஒட்டிய சீட்டும் படிவமும்தான் தெரியும். முதல் செல்லிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசை மராத்திப் பெண், "மிளாலா!" என்று கையைத் தட்டினாள்.

அந்தத் தட்டலுக்குப் பின்னால் இருப்பது 1962ல் ஒரு அதிகாரி "சரி" என்று சொன்ன ஒரு வார்த்தை. அவர் "பார்ட் டைமா, சிரிப்புதான் வருது" என்று சொல்லியிருந்தால்? வேறு யாராவது சில வருடம் கழித்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம். அந்தச் சில வருடத்தில் செத்தவர்கள் கணக்கை யாரிடம் கேட்பது?

விருதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1998ல் லாஸ்கர், 2009ல் ஒபாமா கையால் பதக்கம், 2012ல் ஜப்பான் பரிசு. நோபல் வரவே இல்லை. 2013 டிசம்பரில், 88 வயதில் இறந்துபோனார். நோபல் கொடுக்காதது அநியாயம் என்று ஆங்கிலத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பரிசு என்பது வேலை முடிந்தபிறகு போடுகிற மாலை. வேலை தொடங்கும்போது கொடுத்த அந்த மைக்ராஸ்கோப்பைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

இதைப் படிக்கிறவர்களில் ரெண்டு மூணு பேராவது தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். மின்னஞ்சல் போட்டிருக்கிறீர்கள், பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு விண்ணப்பத்தைப் பெயர் இல்லாமல் சுற்றுக்கு விடுங்கள். வயது 37. பெண். பிள்ளைகள் உண்டு. பட்டம் வாங்கி 14 வருடம், அதில் பெரும்பகுதி பகுதி நேரக் கிளினிக் வேலை. ஆராய்ச்சி அனுபவம் ஒரே ஒரு வருடம், அதுவும் கணவர் வேலை பார்த்த ஊரில். வாரத்தில் மூணு நாள்தான் வருவார். மைக்ராஸ்கோப்பும் இருட்டறையும் கேட்கிறார், பத்து வருடத்துக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். யார் என்ன சொன்னார்கள், எத்தனையாவது நிமிஷத்தில் காகிதம் ஓரமாகப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் இங்கேயே வெளியிடுகிறேன்.